நிரந்தர ஊழியரும் ‘முறைசாரா’ ஊழியரும்: ஜப்பானில் ஒரு சொல் தீர்மானிக்கும் வாழ்வு

ஒருவர் செய்யும் வேலை என்ன என்பதைக் காட்டிலும், அவ்வேலையைச் செய்யும்போது அவர் எந்தப் பெயரால் அழைக்கப்படுகின்றார் என்பதே அவரது சம்பளத்தையும் சமூக அந்தஸ்தையும் முதுமைக் காலத்தையும் தீர்மானிக்குமாயின் அதனை என்னவென்று சொல்வது? உலகின் முன்னணிப் பொருளாதார வல்லரசுகளுள் ஒன்றான ஜப்பானில் கடந்த மூன்று தசாப்தங்களாக இந்நிலையே நிலவி வருகின்றது. அந்நாட்டின் தொழிற்சந்தையில் புழங்கும் சொற்களை ஒருமுறை ஊன்றி நோக்குவோமாயின், ஒரு சமூகம் தன்னுள்ளே எவ்வாறு இரண்டாகப் பிளவுபட்டது என்ற வரலாற்றை அச்சொற்களிலேயே நாம் கண்டுகொள்ள முடியும்.

ஜப்பானிய மொழியில் நிரந்தர ஊழியரைக் குறிக்கும் சொல் ‘செய்ஷாயின்’ என்பதாகும். இதில் ‘செய்’ என்பதற்குச் சரியான, முறையான என்று பொருள். ‘ஷாயின்’ என்பது கம்பனியின் உறுப்பினரைக் குறிக்கும். சட்டத்தின் மொழியில் ‘ஷாயின்’ என்பவர் ஊழியர் அல்லர். ஒரு நிறுவனத்தின் உரித்தில் பங்குடைய அங்கத்தவரே அவ்வாறு குறிப்பிடப்படுகின்றார். ஆயினும் அன்றாட வழக்கில் அச்சொல் ஊழியருக்கு உரியதாகிவிட்டது. இது தற்செயலானதன்று. கம்பனியில் சேர்பவர் கூலிக்கு வேலை செய்பவர் மட்டுமல்லர், அவர் அக்குடும்பத்தின் ஓர் அங்கத்தவர் என்ற எண்ணமே இவ்வழக்கின் பின்னணியில் உள்ளது.

இதற்கு எதிர்ப்பதமாக விளங்குவது ‘ஹிசெய்கி’ என்ற சொல். ‘ஹி’ என்பது அல்லாத என்ற பொருளைத் தரும் முன்னொட்டு. ஆகவே ‘ஹிசெய்கி’ என்றால் முறையானதல்லாதது என்று பொருள்படும். ஒரு மனிதனை அவன் என்னவாக இருக்கின்றான் என்பதைக் கொண்டல்லாமல், என்னவாக இல்லை என்பதைக் கொண்டு அடையாளப்படுத்தும் சொல் இது. தென் கொரியாவிலும் இதே எழுத்துக்களை அடியாகக் கொண்ட சொல்லே இவ்வகைத் தொழிலாளரைக் குறிக்கப் பயன்படுகின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த ‘முறைசாரா’ வகுதிக்குள் பல பெயர்கள் அடங்குகின்றன. ‘பாத்தோ’ என்பது ஆங்கிலத்திலிருந்து சுருங்கி வந்த சொல். பகுதிநேரமாக வேலை செய்யும் குடும்பப் பெண்களை அது பெரும்பாலும் சுட்டும். ‘அருபைத்தோ’ என்பது வேலை எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லிலிருந்து வந்தது; மாணவர்களும் இளைஞர்களும் செய்யும் சில்லறை வேலைகளுக்கு அது உரியது. ‘கெய்யாக்கு ஷாயின்’ என்போர் குறித்த காலத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுவோர். ஓய்வு வயதை எட்டிய பின்னர் குறைந்த சம்பளத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுவோர் பெரும்பாலும் ‘ஷொக்குதாக்கு’ எனப்படுகின்றனர். ‘ஹகேன்’ என்போர் ஆளணி வழங்கும் முகவர் நிறுவனமொன்றினால் வேறொரு நிறுவனத்திற்கு அனுப்பப்படுபவர்கள். படையினரை வெளிநாட்டுக்கு அனுப்பும்போதும் ஜப்பானியர் இதே சொல்லையே பயன்படுத்துகின்றனர். அனுப்பப்பட்டவர் என்றால் அவ்விடத்துக்கு உரியவர் அல்லர் என்பது அச்சொல்லிலேயே தொக்கி நிற்கின்றது.

நிரந்தர ஊழியர் என்று நாம் தமிழில் சொல்லும்போது வேலைக்குக் கால எல்லை இல்லை என்பதையே கருதுகின்றோம். ஆனால் ‘செய்ஷாயின்’ என்பது அதனிலும் விரிந்தது. ஒப்பந்தத்துக்குக் கால எல்லை இருத்தலாகாது. முழுநேர வேலையாக இருத்தல் வேண்டும். வேலை வாங்கும் நிறுவனமே நேரடியாக அமர்த்தியிருத்தல் வேண்டும். இம்மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்தியவரே ‘செய்ஷாயின்’ என்று ஆய்வாளர்கள் விளக்கமளிப்பது வழக்கம். இவற்றுள் ஒன்று தவறினாலும் அவர் மறுபக்கத்தைச் சேர்ந்தவராகி விடுகின்றார்.

நடைமுறையில் இந்த வரைவிலக்கணம்கூட இறுதியானதன்று. ஜப்பானிய அரசாங்கம் மாதந்தோறும் நடத்தும் தொழிற்படை ஆய்வில், ஒருவர் எவ்வகை ஊழியர் என்பது அவரது வேலை நேரத்தையோ ஒப்பந்தத்தின் தன்மையையோ கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. வேலைத்தளத்தில் அவர் எப்பெயரால் அழைக்கப்படுகின்றார் என்பதே அளவுகோலாகும். முழுநேரமாக, வருடக்கணக்கில், கால எல்லை எதுவுமின்றி ஒரே கடையில் வேலை செய்யும் பெண்மணியொருவரை அக்கடைக்காரர் ‘பாத்தோ’ என்று அழைப்பாராயின், அரசாங்கப் புள்ளிவிபரத்திலும் அவர் ‘பாத்தோ’வே. தொழிலாளர் சட்டங்களில் ‘செய்ஷாயின்’ என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கிடையாது. ஆக, நாட்டின் தொழிற்படையை இரண்டாகப் பிரிக்கும் கோடு சட்டத்தினால் அன்றி, முதலாளிமார் இடும் பெயரினாலேயே வரையப்படுகின்றது எனலாம்.

இந்நிலை தோன்றிய விதத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் பொருத்தமாகும். உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பெரிய தொழிற்சாலைகளில் ‘ரின்ஜிகோ’ எனப்பட்ட தற்காலிகத் தொழிலாளர்கள் பெருமளவில் இருந்தனர். பொருளாதாரம் துரிதமாக வளர்ச்சியடைந்து ஆட்பற்றாக்குறை ஏற்பட்டபோது அவர்களுள் பலர் நிரந்தரமாக்கப்பட்டனர். 1958இல் அமெரிக்கரான ஜேம்ஸ் அபெக்லன் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பற்றி எழுதிய நூல், கம்பனிக்கும் ஊழியருக்கும் இடையிலான வாழ்நாள் பிணைப்பை அந்நாட்டின் சிறப்பம்சமாக எடுத்துக்காட்டியது. அதன் பின்னரே ‘ஷூஷின் கோயோ’, அதாவது வாழ்நாள் வேலை என்ற தொடர் பரவலாயிற்று. ஆயுட்காலச் சிறைத்தண்டனையைக் குறிக்கும் சொல்லிலும் இதே ‘ஷூஷின்’ இடம்பெறுவதைச் சிலர் வேடிக்கையாகச் சுட்டிக்காட்டுவதுண்டு. நள்ளிரவு வரை அலுவலகத்தில் இருக்கவும், உத்தரவு கிடைத்தால் குடும்பத்தைப் பிரிந்து தொலைதூர நகருக்கு மாறிச் செல்லவும் உடன்படுபவருக்கே அந்தப் பாதுகாப்பு வழங்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வாழ்நாள் வேலையைச் சட்டம் எதுவும் கட்டாயமாக்கவில்லை. ஆனால் தக்க காரணமின்றி ஊழியரைப் பணிநீக்குவது உரிமைத் துஷ்பிரயோகம் என நீதிமன்றங்கள் தீர்ப்பளித்து வந்தன. பிற்காலத்தில் அது சட்டத்திலும் இடம்பெற்றது. நிரந்தர ஊழியரை நீக்குவது கடினமானபோது, தேவையானபோது சேர்த்துத் தேவையற்றபோது விலக்கக்கூடிய வேறொரு கூட்டத்தாரைக் கம்பனிகள் நாடின. ஒரு பகுதியினரின் பாதுகாப்பு மறுபகுதியினரின் பாதுகாப்பின்மையில் தங்கியிருந்தது என்பதே கசப்பான உண்மை. தொடக்கத்தில் அச்சுமையைச் சுமந்தவர்கள் குடும்பப் பெண்கள். கணவனுக்கு நிரந்தர வேலை இருக்கின்றது, மனைவியின் சம்பளம் கைச்செலவுக்கே என்ற எண்ணம் மேலோங்கியிருந்தமையால் எவரும் அதனைப் பெரிய அநீதியாகக் கருதவில்லை.

1985இல் தொழிலாளர் அனுப்பீட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆரம்பத்தில் விசேட தேர்ச்சி தேவைப்படும் சில தொழில்களுக்கு மாத்திரமே ‘ஹகேன்’ முறை அனுமதிக்கப்பட்டது. 1999இல் அக்கட்டுப்பாடு தலைகீழாக மாற்றப்பட்டு, தடைசெய்யப்பட்ட சில தொழில்கள் தவிர ஏனைய அனைத்துக்கும் அனுமதி கிடைத்தது. 2004இல் உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கும் கதவு திறக்கப்பட்டது. இதற்கிடையில், 1995இல் முதலாளிமார் சம்மேளனமான நிக்கெய்ரென் வெளியிட்ட அறிக்கை ஊழியர்களை மூன்று வகையாகப் பிரிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. நீண்டகாலம் பேணி வளர்க்கப்படுவோர், நிபுணத்துவம் மிக்கோர், நெகிழ்வாகப் பயன்படுத்தப்படுவோர் என்பனவே அவை. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து, அவ்வறிக்கை ஒரு வரைபடமாகவே அமைந்துவிட்டது என்பது புலனாகும்.

1980களின் பிற்பகுதியில் நாடு செழிப்பின் உச்சத்தில் இருந்தபோது ‘ஃபுரீத்தா’ என்ற சொல் பிறந்தது. சுதந்திரம் என்ற ஆங்கிலச் சொல்லையும் தொழிலாளி என்ற ஜேர்மன் சொல்லையும் ஒட்டி உருவாக்கப்பட்ட அது, கம்பனிக்கு அடிமைப்படாமல் தன் கனவைத் தேடும் இளைஞனைப் பெருமையுடன் குறித்தது. பொருளாதாரக் குமிழி வெடித்த பின்னர் அதே சொல் நிரந்தர வேலை கிடைக்காதவனைக் குறிக்கும் இழிசொல்லாக மாறியது. சொல் மாறவில்லை; காலம் மாறியது. 1990களின் தொடக்கத்திலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை கல்வியை முடித்து வெளியேறியவர்களின் காலத்தை ஜப்பானியர் ‘வேலைவாய்ப்பின் பனியுகம்’ என்கின்றனர். பட்டம் பெறும் ஆண்டிலேயே கம்பனிகள் கூட்டாக ஆட்சேர்ப்புச் செய்யும் அந்நாட்டு வழக்கில், அவ்வாண்டில் வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்குக் கதவு மீண்டும் திறப்பது அரிது. பிறந்த ஆண்டு என்ற ஒரேயொரு தற்செயல் ஒரு தலைமுறையினரின் பெயரைத் தீர்மானித்துவிட்டது.

2008இன் இறுதியில் உலக நிதி நெருக்கடி ஏற்பட்டபோது இதன் முழு விளைவும் அம்பலமாயிற்று. மோட்டார் வாகன, மின்னியல் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான ‘ஹகேன்’ தொழிலாளர்களை வெளியேற்றின. அவர்களுள் பலர் கம்பனி ஏற்பாடு செய்த விடுதிகளிலேயே தங்கியிருந்தமையால், வேலையோடு சேர்த்து இருப்பிடத்தையும் இழந்தனர். ‘ஹகேன்-கிரி’, அதாவது அனுப்பீட்டு ஊழியரை வெட்டுதல் என்ற புதிய சொல் செய்தித்தாள்களின் தலைப்புக்களை நிறைத்தது. அவ்வருடத்தின் கடைசி நாளில் தொழிற்சங்கங்களும் தொண்டர் அமைப்புக்களும் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடாரங்களை அமைத்து உணவு வழங்கின. அதனை ‘ஆண்டு கடக்கும் ஹகேன் கிராமம்’ என அழைத்தனர். தொழிலாளர் நல அமைச்சின் கட்டடம் அப்பூங்காவுக்கு எதிரே அமைந்திருந்தது. செல்வம் கொழிக்கும் தலைநகரின் நடுவே, புத்தாண்டின் குளிரில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஆண்களின் காட்சி அந்நாட்டு மக்களை உலுக்கியது. அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த ஒரு கூட்டத்தார் அன்று கண்முன்னே நின்றனர்.

புள்ளிவிபரங்களும் இதனையே உணர்த்துகின்றன. 1990இல் ஊழியர்களுள் ஐவரில் ஒருவரே ‘ஹிசெய்கி’ வகையினர். 2019இல் அவ்விகிதம் 38 சதவீதத்தைத் தாண்டியது. 2023இலும் அது சுமார் 37 சதவீதமாக இருந்தது. எண்ணிக்கையில் ஏறத்தாழ 2 கோடியே 12 இலட்சம் பேர். பெண் ஊழியர்களுள் அரைவாசிக்கும் மேற்பட்டோர் இவ்வகையைச் சார்ந்தவர்கள். இவர்களது சராசரிச் சம்பளம் நிரந்தர ஊழியரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்களவே. ஆண்டுக்கு இருமுறை வழங்கப்படும் போனஸ், பணிக்கொடை என்பவற்றையும் சேர்த்து நோக்கினால் இடைவெளி மேலும் விரிகின்றது. 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோதும் முதலில் வேலையிழந்தவர்கள் இவர்களே.

2016இல் அப்போதைய பிரதமர் ஷின்சோ அபே, ‘ஹிசெய்கி’ என்ற சொல்லையே இந்நாட்டிலிருந்து துடைத்தெறியப் போவதாகச் சூளுரைத்தார். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை முன்னெடுத்து 2018இல் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. அது 2020இல் பெரிய கம்பனிகளுக்கும் 2021இல் சிறிய நிறுவனங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. நியாயமற்ற வேறுபாடுகளை அச்சட்டம் தடைசெய்கின்றது. ஆனால் எது நியாயமற்றது?

இக்கேள்விக்கு 2020 ஒக்டோபரில் ஜப்பானின் உயர் நீதிமன்றம் வழங்கிய விடைகள் கவனத்துக்குரியவை. மருத்துவக் கல்லூரியொன்றில் ‘அருபைத்தோ’வாகப் பணியாற்றிய பெண் செயலாளருக்கு நிரந்தர ஊழியரின் போனஸில் 60 சதவீதத்தை வழங்குமாறு மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சுரங்க ரயில் நிலையக் கடைகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒப்பந்த ஊழியர்களுக்குப் பணிக்கொடையில் நான்கிலொரு பங்கு உரித்தென்றும் தீர்ப்பாகியிருந்தது. அவ்விரு தீர்ப்புக்களையும் உயர் நீதிமன்றம் மாற்றியமைத்து, அக்கொடுப்பனவுகளை மறுத்தமை நியாயமற்றதல்ல என்றது. இரண்டு தினங்களின் பின்னர், ஜப்பான் தபால் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர்களுக்கு ஆண்டிறுதிப் பணிக் கொடுப்பனவையும் தங்கிவாழ்வோருக்கான கொடுப்பனவையும் மறுத்தமை நியாயமற்றது என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறிய கொடுப்பனவுகளில் சமத்துவம், பெரிய கொடுப்பனவுகளில் வேறுபாடு என்பதே இத்தீர்ப்புக்களின் சாராம்சம் என்று விமர்சிக்கப்பட்டது. அவ்விமர்சனம் தவறானதென்று நாம் கருதவில்லை.

சட்டம் ஒரு வாசலை மூடும்போது நடைமுறை வேறொரு வாசலைத் திறந்துகொள்வதும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட ஊழியர் கோரினால் கால எல்லையற்ற ஒப்பந்தம் வழங்கப்பட வேண்டுமென்ற விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாவது ஆண்டு நிறைவடைய முன்னர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கும் போக்கு அதனைத் தொடர்ந்து தலைதூக்கியது. ‘யத்தோய்தொமே’ என்ற சொல் அதனைக் குறிக்கின்றது. வேலைநீக்கம் என்று அதனைச் சொல்வதில்லை. அமர்த்துவதை நிறுத்துதல் என்கின்றனர். ஆய்வாளர்களுக்குப் பத்து ஆண்டு எல்லை விதிக்கப்பட்டிருந்தமையால் 2023 மார்ச் மாதத்தில் ஆய்வுகூடங்களிலும் இதே பிரச்சினை எழுந்தது. கால எல்லையற்ற ஒப்பந்தத்தைப் பெற்றவர்களும் ‘செய்ஷாயின்’ ஆகிவிடவில்லை. முன்னைய சம்பளத்துடனேயே அவர்கள் வேலை செய்ய முடியும். வேலை நிரந்தரம், ஆனால் ஊழியர் ‘நிரந்தர ஊழியர்’ அல்லர் என்ற விசித்திரமான புதுவகுப்பு ஒன்று இவ்வாறு உருவாகியுள்ளது. அரசாங்கமும் இதற்கு விதிவிலக்கன்று. உள்ளூராட்சி மன்றங்களில் ‘நிதியாண்டு நியமன உத்தியோகத்தர்’ என்ற புதிய பெயரில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஊழியர்களை நியமிக்கும் முறை 2020இல் அறிமுகமாயிற்று. நூலகங்களிலும் ஆலோசனை நிலையங்களிலும் பணியாற்றும் பெண்களே அவர்களுள் பெரும்பான்மையினர்.

இதன் மறுபக்கத்தையும் நாம் நேர்மையாக நோக்குதல் வேண்டும். நிரந்தர வேலை கிடைக்காமையினாலேயே இவ்வாறு வேலை செய்வதாகக் கூறுவோர் அண்மைக்கால ஆய்வுகளில் பத்துப் பேரில் ஒருவர் என்ற அளவினரே. தமக்கு வசதியான நேரத்தில் வேலை செய்யலாம் என்பதைக் காரணமாகக் கூறுவோரே அதிகம். எனவே பெரும்பாலானோர் விரும்பியே இதனைத் தெரிவு செய்கின்றனர் என முதலாளிமார் வாதிடுவதுண்டு. ஆனால் அந்த வசதி எதிலிருந்து பிறக்கின்றது என்பதே கேள்வி. ‘செய்ஷாயின்’ ஆகிவிட்டால் நேரகாலமின்றி உழைக்கவும் இடமாற்றத்துக்கு உடன்படவும் வேண்டும் என்ற நிலையில், குழந்தையையும் முதிய பெற்றோரையும் பராமரிக்கும் பெண் எதனைத் தெரிவு செய்வாள்? மனைவியின் வருமானம் குறித்த எல்லையைத் தாண்டினால் வரியும் காப்புறுதிக் கட்டணமும் ஏறும் என்பதால் வேலை நேரத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் பெண்கள் ஏராளம். அவ்வெல்லைகளை ஜப்பானியர் ‘சுவர்’ என்கின்றனர். நெடுங்காலம் 10 இலட்சத்து 30 ஆயிரம் யென்னாக இருந்த வருமான வரிச் சுவர் 2025இல் உயர்த்தப்பட்டது. ஏனைய சுவர்கள் முற்றாக நீங்கிவிடவில்லை. சுவர்களுக்கு நடுவே நின்று செய்யும் தெரிவைச் சுதந்திரமான தெரிவு என்று கூறுவது பொருந்தாது.

‘பனியுகத்’ தலைமுறையினரின் நிலை இன்னும் பரிதாபகரமானது. 2019இல் தகராசுகா நகர சபை அவர்களுக்கென மூன்று பதவிகளை ஒதுக்கி விண்ணப்பம் கோரியபோது 1,800க்கும் மேற்பட்டோர் நாடெங்கிலுமிருந்து விண்ணப்பித்தனர். ஈற்றில் நால்வர் தெரிவாகினர். அத்தலைமுறையினருள் மூத்தவர்கள் இப்போது ஐம்பது வயதைக் கடந்துவிட்டனர். குறைந்த சம்பளத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியமும் குறைவாகவே இருக்கும். திருமணம் செய்யாதவர்களின் விகிதம் நிரந்தர ஊழியரான ஆண்களை விட ஏனைய ஆண்களிடையே மிக அதிகம். பிறப்பு வீழ்ச்சியைப் பற்றி ஆண்டுதோறும் கவலை வெளியிடும் ஓர் அரசு, வீடும் குடும்பமும் அமைக்கத் துணிவற்ற நிலைக்குத் தன் இளைஞர்களைத் தள்ளிய காலத்தைப் பற்றியும் கவலைப்படுதல் வேண்டும்.

இவ்விடயம் எம்மவர்க்கும் முற்றிலும் அந்நியமானதன்று. ‘தொழில்நுட்பப் பயிலுனர்’ என்ற பெயரில் இலங்கை இளைஞர்கள் ஜப்பானுக்குச் சென்று வந்துள்ளனர். 2019இல் தொடங்கிய ‘குறித்த தேர்ச்சி’ விசா முறை தொடர்பிலும் அவ்வாண்டிலேயே இரு நாடுகளுக்கும் இடையே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பயிலுனர் முறையின் நோக்கம் வளர்முக நாடுகளுக்குத் திறன்களைக் கையளிப்பதே என்று சொல்லப்பட்டாலும், ஆட்பற்றாக்குறை நிலவும் வயல்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆள்சேர்க்கும் வழியாகவே அது பயன்பட்டது. பயிலுனர் என்ற பெயரின் காரணமாக, விரும்பிய வேலைத்தளத்துக்கு மாறும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. அம்முறையை நீக்கிப் புதிய முறையொன்றை 2027இல் கொண்டுவருவதற்கான சட்டம் 2024இல் நிறைவேறியது. அங்கு செல்ல ஆயத்தமாகும் இளைஞர்கள் மொழிப் பரீட்சைக்காகச் சொற்களை மனனம் செய்கின்றனர். தமது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் பெயர் என்ன, அப்பெயருக்குரிய உரிமைகள் எவை என்பதையும் அவர்கள் கற்றுக்கொள்வது அதனிலும் அவசியமானது.

சொல்லைத் துடைத்தெறிவதாகக் கூறிய பிரதமரும் மறைந்துவிட்டார். சொல் மட்டும் இன்னமும் இருக்கின்றது. அது நீங்காமைக்குக் காரணம் வெளிப்படையானது. பெயரை மாற்றுவது ஓர் அறிவித்தலால் இயலும். பெயருக்குப் பின்னால் உள்ள சம்பள வேறுபாட்டையும் பணிக்கொடையையும் முதுமைக்காலப் பாதுகாப்பையும் மாற்றுவதற்கு எவரேனும் விலை கொடுத்தாக வேண்டும். அந்த விலையைக் கொடுக்க கம்பனிகளும் முன்வரவில்லை, நிரந்தர ஊழியர்களை மாத்திரமே நெடுங்காலம் அங்கத்தவர்களாகக் கொண்டிருந்த தொழிற்சங்கங்களும் முழுமனதுடன் முன்வரவில்லை. ஒரே மேசையின் இரு பக்கங்களிலும் அமர்ந்து ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவர் ‘முறையானவர்’, மற்றவர் ‘முறையற்றவர்’ என்ற நிலை நீடிக்கும் வரையில், எத்தனை புதிய பெயர்களைச் சூட்டினாலும் அவையும் காலப்போக்கில் பழைய சொல்லின் பாரத்தையே சுமக்கும். சொல்லை அகற்றுவதற்கு முன்னர் அச்சொல் சுட்டும் வேறுபாட்டை அகற்ற வேண்டும் என்பதே ஜப்பானின் அனுபவம் எமக்கு உணர்த்தும் பாடமாகும்.